ஒற்றைக் கையால் கட்டு போட வருமா? தனியாகக் கடலுக்குப் போகிறவர்களின் முதலுதவி

தொண்டியிலிருந்து ஒரு கேள்வி, 11.02.2024

நண்டு வலைக்குத் தனியாத்தான் போறேன். தெர்மாகோல் தெப்பம், ஒரு துடுப்பு, அவ்வளவுதான். போன வாரம் வலையிலிருந்து மீனைக் கழிச்சு எடுக்கும்போது ஓரா மீனோட முள் உள்ளங்கையில் ஏறிடுச்சு. வலியில் ரெண்டு மணி நேரம் ஒண்ணும் ஓடல. மெடிக்கல் ஷாப்பில் முதலுதவிப் பெட்டி கேட்டா, பஸ்ஸில் மாட்டுற டப்பாவை எடுத்துத் தர்றாங்க. தனியாப் போறவன் என்னதான் வெச்சுக்கணும்? காட்டுக்குள்ள தனியாப் போற ஆளுங்களும் தெரிஞ்சா சொல்லுங்க.

11.02.2024, இரவு

அந்த டப்பாவை வாங்காதீங்க தம்பி. அதில் இருக்கிற சாமான் எல்லாத்துக்கும் ரெண்டு கை, ஒரு மேசை, பக்கத்தில் ஒரு ஆள் வேணும். நான் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸிங் ரூமில் காலத்தை ஓட்டி ஓய்வானவன். இப்ப மண்டபம் ஊரின் வடகடலில் வத்தை (சின்ன நாட்டுப் படகு) வெச்சு தூண்டில் போடுறேன், பெரும்பாலும் தனியா. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட அனுபவம் வத்தையில் பாதிதான் கைகொடுக்கும், ஏன்னா அங்க அடிபட்டவர் வேற, கட்டுப் போடுறவன் வேற.

எதை வாங்கினாலும் ஒரே கேள்வி கேளுங்க: ஈரமா இருக்கிற, நடுங்குற, ஒற்றைக் கையால் இதைப் பிரிச்சுப் பயன்படுத்த முடியுமா? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கிட்டு, இடது கையால் ஒரு பேண்டேஜ் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாருங்க. பல்லு இல்லாம முடியாது. பல்லு செட் வெச்ச ஆளுக்கு அதுவும் கிடையாது.

12.02.2024

ஓரா முள்ளுக்கு வருவோம். ஓரா, கெளுத்தி, திருக்கை மூணுக்கும் முள்ளில் விஷம் உண்டு. கல்லோடு கல்லா அசையாம கிடக்குமே, அந்த மீனுக்கு இதுகளை விட மோசமான விஷம். எல்லாமே சூட்டுக்கு அடங்குற விஷம். தாங்குற அளவு சூடான தண்ணி, அதாவது 45 டிகிரிக்கு மேல போகாத தண்ணியில், குத்துப்பட்ட இடத்தை முக்கி வைக்கணும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். வலி இறங்குறது உங்களுக்கே தெரியும். எடுத்ததும் திரும்ப ஏறினா, திரும்ப முக்கணும்.

கடலில் சூடு தண்ணிக்கு எங்க போறது? காலையில் டீ ஊத்துற ஃபிளாஸ்க்கோடு இன்னொரு ஃபிளாஸ்க்கில் வெறும் வெந்நீர். முக்கால் லிட்டர் போதும். தடிமனான பாலிதீன் பையில் கொஞ்சம் கடல் தண்ணி எடுத்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. ஒரு பங்கு வெந்நீருக்கு மூணு பங்கு கடல் தண்ணி கிட்டத்தட்ட சரியா வரும். கையையோ காலையோ பைக்குள் விட்டு, வாயைத் துண்டால் சுத்திட்டா சூடு சீக்கிரம் ஆறாது. குண்டாவில் ஊத்தினா அஞ்சு நிமிஷத்தில் பச்சைத் தண்ணி.

முள் கண்ணுக்குத் தெரிஞ்சு, லேசா நின்னா சாவணத்தால் (முள் எடுக்கிற இடுக்கி) எடுங்க. நெஞ்சு, வயிறு, கழுத்தில் திருக்கை முள் ஏறி நின்னா தொடவே கூடாது. அது உள்ளே அடைப்பா நிக்குது, பிடுங்கினா மடை திறந்துடும்.

12.02.2024, கொஞ்ச நேரம் கழிச்சு

சொல்ல விட்டது. சர்க்கரை நோய் இருக்கிறவங்க பாதத்துக்குச் சூடு தெரியாது. "தாங்குற சூடு"ன்னு எழுதினேன், அவங்களுக்கு எல்லாச் சூடும் தாங்கும், அப்புறம் தோல் உரிஞ்சு வரும். குத்துப்படாத கையின் முழங்கையை முதலில் விட்டுப் பாருங்க. எல்லாருமே அப்படிப் பார்த்தா நல்லது, விஷம் ஏறின கைக்கும் சூடு சரியாத் தெரியாது.

15.02.2024

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) ஒருத்தர் கேட்கிறார்: "இதெல்லாம் எதுக்கு? மீனோட கண்ணைப் பிதுக்கி மேல தடவினா போதுமே, எங்க வாப்பா அதைத்தான் செய்வாங்க."

காக்கா, உங்க வாப்பா அதைத் தடவிட்டு கரைக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்திருப்பாங்க. கேட்டுப் பாருங்க.

டிரெஸ்ஸிங் ரூமில் நான் காயத்திலிருந்து கழுவி எடுத்ததைச் சொன்னா சாப்பாடு இறங்காது: காபித்தூள், புகையிலை, சுண்ணாம்பு, டீசல், என்ஜின் ஆயில், ஒருமுறை ஃபெவிகுயிக். காபித்தூளில் ரத்தம் நிக்குதேம்பாங்க. அதை வெச்சு அமுக்குற கைதான் ரத்தத்தை நிறுத்துது, தூள் இல்ல.

18.02.2024

ரத்தம். இதைக் கொஞ்சம் நீளமா எழுதணும், மத்ததெல்லாம் வலி, இது உயிர்.

தனியாப் போறவனுக்குப் பெரிய வெட்டு மூணு வழியில் வரும்: என்ஜின் விசிறி, நங்கூரக் கயிறு ஓடும்போது விரல் மாட்டுறது, தன் கத்தியே வழுக்கி தொடையில் இறங்குறது. நம்ம உடம்பில் இருக்கிறது ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். தொடையின் பெரிய நாடி அறுந்தா சில நிமிஷத்தில் கதை முடியும். ஆம்புலன்ஸ், போலீஸ், கோஸ்ட் கார்டு யாரும் அந்த நேரத்துக்குள் வர முடியாது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்களேதான் டாக்டர்.

சாதாரண வெட்டுக்கு அமுக்கினாலே போதும். துண்டை மடிச்சு வெச்சு, பத்து நிமிஷம் எடுக்காம அமுக்கணும். எல்லாரும் கெடுக்கிற இடம் இதுதான்: ஒவ்வொரு நிமிஷமும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. உறைஞ்சது கலைஞ்சு முதல்லேருந்து ஆரம்பிக்கும். பாட்டு போட்டுக்குங்க, ரெண்டு பாட்டு முடியிற வரைக்கும் தூக்காதீங்க. துணி நனைஞ்சா அதுக்கு மேலேயே இன்னொரு துணி.

ஒற்றைக் கைன்னா எப்படி அமுக்குறது? முன்கை வெட்டுன்னா, துணியை வெச்சு அந்தக் கையைத் தொடைக்கும் வயித்துக்கும் நடுவில் சொருகி, குனிஞ்சு உடம்பு கனத்தைப் போடுங்க. உள்ளங்கைன்னா துண்டை உருண்டையாச் சுருட்டி முஷ்டிக்குள் இறுக்கிப் பிடிச்சு, கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. அப்ப இன்னொரு கை காலியா இருக்கும், என்ஜினைப் பிடிக்கலாம்.

பீச்சி அடிக்கிற ரத்தம், அமுக்கியும் நிக்காத ரத்தம், கை காலில் மட்டும்: இறுக்குக் கட்டு. காயத்துக்கு நாலு விரல் மேல, மூட்டு மேல இல்லாம, ரெண்டு மூணு விரல் அகலத் துணியால் கட்டி, முடிச்சுக்குள் ஒரு ஸ்பேனரையோ கட்டையையோ விட்டு, ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும். தங்கூசி (மெல்லிய தூண்டில் நரம்பு), நைலான் கயிறு ஆகவே ஆகாது, சதையை அறுக்கும், நரம்பைக் கெடுக்கும். வலி கடுமையா இருக்கும், இருக்கணும். கட்டின மணியை எழுதிக்குங்க. வழியில் தளர்த்தாதீங்க. ரெண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போயிட்டா பெரும்பாலும் கை கால் போறதில்ல.

இதை ஒற்றைக் கையால் முடிச்சுப் போடவே முடியாது. நான் என்ன பண்ணியிருக்கேன்னா, கெட்டிக் காடாத் துணியை நாலு மடிப்பா மடிச்சு, தொடை நுழையுற அளவுக்கு வளையமா டெய்லர் கடையில் தைச்சு வாங்கினேன். கட்டையும் அதிலேயே ஒரு நூல்ல தொங்குது. வளையத்துக்குள் காலையோ கையையோ விட்டு, கட்டையைச் செருகி முறுக்கி, கட்டை திரும்பாம இருக்க அதன் முனையை இன்னொரு சின்ன வளையத்தில் மாட்டினா முடிஞ்சது. இதுக்குன்னே செய்யுற பட்டை ஆன்லைனில் கிடைக்குது, ஒற்றைக் கையால் போடுற மாதிரியே அமைச்சது. ஆனா போலியும் நிறைய, முறுக்கும்போது குச்சி உடையுது. வாங்கினா வீட்டில் முறுக்கிப் பார்த்துட்டு வைங்க.

19.02.2024

"முதல்ல ரத்தமா, நங்கூரமா?" ஒருத்தர் கிண்டலாக் கேட்டிருக்கார். நல்ல கேள்வி, கிண்டல் இல்ல. நீங்க கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கிற கால் மணியில் காத்து உங்களை எங்க கொண்டு போகும்? பீச்சி அடிச்சா ரத்தம்தான் முதல். மத்த எல்லாத்துக்கும், ஒரு கையால் அமுக்கிக்கிட்டே காலால் நங்கூரத்தைத் தள்ளிவிடுங்க. நங்கூரம் வலைக்கு அடியில், கயிறு சிக்குண்டு கிடந்தா இது நடக்காது. விளிம்பிலேயே, கயிறு சுருட்டி, உதைச்சா விழுற மாதிரி இருக்கணும்.

25.02.2024

நங்கூரம்னு பேச்சு எடுத்ததும் காத்துச் சண்டை ஆரம்பிச்சிருச்சு. என் கட்சியைச் சொல்லிடுறேன்.

மண்டபத்து ஆளுக்கு ரெண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சோழகம் (தென்காத்து) அடிக்கிற காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளமாக் கிடக்கும், எல்லாரும் வடக்கே இறங்குவோம். வாடை (வடகாத்து) அடிச்சா நேர் எதிர். அமைதியான பக்கம் ஏன் அமைதியா இருக்கு? காத்து கரையிலிருந்து கடலுக்கு அடிக்குது. அதாவது, அடிபட்டு நீங்க சும்மா கிடந்தா தெப்பம் வெளிக்கடலுக்குப் போகும். தெர்மாகோலுக்குத் தண்ணிக்குள் பிடிமானமே கிடையாது, காத்து ஊதினா ஓடும். ஒற்றைக் கையால் அதை எதிர்த்துத் துடுப்புப் போட்டு வர்றதெல்லாம் சினிமாவில்.

"அப்ப அலை அடிக்கிற பக்கம் போகச் சொல்றீங்களா, அங்க தெப்பம் கவுந்துடும்"னு தொண்டித் தம்பி. நியாயம். நான் சொல்றது: கரைக்காத்து நாளில் தனியாப் போனா கம்பு ஊன்றித் தரை எட்டுற ஆழத்தைத் தாண்டாதீங்க. நம்ம வடகடலில் அந்த ஆழம் ரொம்ப தூரம் போகுது, நண்டுக்கு அது போதும். தாண்டணும்னா ஜோடி தெப்பம். முதலுதவிப் பையில் வைக்க முடியாத மருந்து இது ஒண்ணுதான்.

26.02.2024

இதை மட்டும் பிரிச்சு எழுதுறேன், சங்கு குளிக்கிறதைப் பத்திக் கேட்டவருக்கு. தனியா முக்குளிக்கிறதுக்கு முதலுதவி கிடையாது. இறங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு இழுத்து விட்டா நெஞ்சு முட்டுற உணர்வு வர்றதுக்கு முன்னாடியே நினைவு போயிடும், பெரும்பாலும் மேல ஏறி வர்ற கடைசிக் கொஞ்ச தூரத்தில். அங்க நீங்க உங்களுக்கே ஒண்ணும் செய்ய முடியாது. மேல ஒரு ஆள் பார்த்துக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான். கம்ப்ரசர் ஹோஸ் வெச்சு இறங்குறவங்க: காத்து இழுக்கிற வாய் என்ஜின் புகைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, 10 மீட்டருக்கு ஒரு மடங்கு அழுத்தம் கூடுது, மேல வந்து மூட்டு வலியும் மரமரப்பும் இருந்தா "தண்ணி அடிச்சிருச்சு"ன்னு படுத்துக்காம ஆஸ்பத்திரி.

கடல் அட்டைக்கு இறங்குறவங்க இங்க கேட்காதீங்க. 2001லேருந்து அது தடை. மாட்டிக்கிட்டா எந்த பேண்டேஜும் உதவாது.

10.03.2024

தூண்டில் முள் கையில் ஏறினா என்ன செய்யுறது? பலருக்கும் இது நடந்திருக்கு போல, கதை குவியுது. நூலைச் சுண்டி இழுக்கிற வித்தை, எதிர்முள்ளை மறுபக்கம் தள்ளி வெட்டுற வித்தை ரெண்டும் உண்மைதான். ரெண்டுமே அடுத்தவர் கையில் செய்யுற வித்தை. தன் கையில் ஏறினதை நான் பிடுங்க மாட்டேன். யாரும் சொல்லாத ஒண்ணு: மறுமுனையில் மீன் இருக்கலாம்! முதல் வேலை தங்கூசியை அறுக்கிறது. கத்தி எட்டுற இடத்தில் இருக்கணும், ரெண்டு பக்கமும் இருந்தா உத்தமம், எந்தக் கை மாட்டும்னு யாருக்குத் தெரியும். அப்புறம் முள் அசையாம சுத்தித் துணி வெச்சுக் கட்டிட்டு வீட்டுக்கு. கண்ணுக்குப் பக்கம்னா கண்ணை அமுக்காம ஒரு பேப்பர் கப்பைக் கவுத்து ஒட்டிட்டு வாங்க.

10.03.2024

முரல் மீன். ராத்திரி லைட்டைப் பார்த்துத் தண்ணியிலிருந்து பாயும், மூக்கு ஊசி. லைட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்காதீங்க, பக்கவாட்டில் நீட்டிப் பிடிங்க. குத்தி மூக்கு உள்ளே முறிஞ்சா திருக்கை முள்ளுக்குச் சொன்னதேதான்: பிடுங்காதீங்க.

17.03.2024

பாம்பு. ரெண்டு பாம்பு, ரெண்டு கணக்கு.

கடல்பாம்பு வலையில் வரும். "அது கடிக்காது"ன்னு கையால் எடுத்து வீசுற ஆளைத் தினம் பார்க்கிறேன். கடிக்கும். கடிச்சாலும் வலிக்காது, வீங்காது, அதுதான் ஆபத்து. பாதிக் கடியில் விஷமே இறங்குறதில்லன்னாலும் எது எந்தக் கடின்னு கடலில் வெச்சுச் சொல்ல முடியாது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் சதை வலி, கழுத்து விறைப்பு, வாய் திறக்கக் கஷ்டம், மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போகும். அது சதை கரையுது, கிட்னியைத் தாக்கும். நம்ம நாட்டில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். கடல்பாம்புக்கு இல்ல. அதனால வெண்டிலேட்டர், டயாலிசிஸ் இருக்கிற இடத்துக்குப் போகணும், ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ மதுரையோ. வலி இல்லையேன்னு மிச்ச வலையைக் கழிச்சுட்டு வரலாம்னு நினைக்கிறவர்தான் மாட்டிக்குவார்.

நிலத்துப் பாம்புக்கு, முதலில் "காட்டுக்குப் போற ஆளுங்களும் சொல்லுங்க"ன்னு கேட்டதுக்குப் பதில். முயல், கௌதாரி வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதை நான் பேசல. ஆனா சீமைக்கருவேலங் காட்டில் விறகு வெட்ட, கரிமூட்டம் போட, ஆடு தேடத் தனியாப் போறவங்க எத்தனை பேர். நம்ம மணல் பூமியில் சுருட்டை விரியன் அதிகம். சின்னப் பாம்புன்னு அலட்சியம். அதோட விஷம் ரத்தத்தை உறைய விடாம பண்ணும். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. மேலே எழுதின இறுக்குக் கட்டு ரத்தத்துக்கு மட்டும்தான், பாம்புக்கு இல்ல. ரெண்டையும் குழப்பினா கால் போகும். மோதிரம், மெட்டி, வாட்ச், அரைஞாண் கழட்டிட்டு, கடிபட்ட காலை ஆட்டாம, போன் போட்டு வண்டியை வரச் சொல்லுங்க. டவரே இல்லன்னா மெதுவா நடங்க, ஓடாதீங்க.

இன்னொண்ணு, டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து பார்த்தது. பாம்புக்கடின்னு வந்ததும் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வைப்பாங்க, உறையுதான்னு பார்க்க. அந்த 20 நிமிஷத்தில் சொந்தக்காரங்க "சும்மா உட்கார வெச்சுட்டாங்க"ன்னு சண்டைக்கு வந்து, நோயாளியை ஆட்டோவில் ஏத்திக்கிட்டு மந்திரிக்கப் போயிருக்காங்க. அது சும்மா இல்ல, மருந்து வேணுமான்னு பார்க்கிற பரீட்சையே அதுதான்.

18.03.2024

ஒரு அக்கா சின்னப்பாலத்திலிருந்து எழுதியிருக்காங்க, பாசி எடுக்கப் போறவங்க. "நாங்க கும்பலாத்தான் போவோம், ஆனா தண்ணிக்குள்ள தலையை விட்டா ஒவ்வொருத்தியும் தனிதான்." விரலில் துணி சுத்தி, காலுக்குத் தகடு கட்டித்தான் இறங்குவாங்களாம். பாறையில் உரசின கீறல் ஆறவே மாட்டேங்குதுன்னு கேட்கிறாங்க.

அக்கா, பவளப்பாறைக் கீறலில் பொடிப் பொடியாத் துகள் உள்ளே தங்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு, மெல்லிய துணியால் தேய்ச்சே கழுவணும். எரியும், பரவாயில்ல. பொவிடோன் அயோடின் களிம்பு வெச்சு, காயம் மூடுற வரைக்கும் உப்புத் தண்ணி படாம இருக்கிறது நல்லது. அது உங்களால முடியாதுன்னு தெரியும். அதனால எதுக்குப் பயப்படணும்னு மட்டும் சொல்றேன்: ஒரே நாளில் சிவப்பு பரவுறது, காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, கருநீலக் கொப்புளம், காய்ச்சல். வெதுவெதுப்பான கடல் தண்ணியில் விப்ரியோ வல்னிஃபிகஸ்னு ஒரு கிருமி உண்டு, சர்க்கரை, கல்லீரல் கோளாறு இருக்கிறவங்களை மணிக்கணக்கில் சாய்க்கும். அப்ப காலையில் பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது.

டி.டி. ஊசி (ரணஜன்னித் தடுப்பூசி): மாசா மாசம் போட்டுக்கிறவரும் இருக்கார், இருபது வருஷமாப் போடாதவரும் இருக்கார். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. அழுக்கான ஆழக் காயம்னா, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா இன்னொண்ணு.

06.04.2024

சொறி (ஜெல்லி மீன்) பட்டதுக்கு வினிகரான்னு கேள்வி. பெட்டி வடிவச் சொறிக்கு வினிகர் நல்லது, மத்த சிலதுக்கு உதவாது, சிலதில் கூடுதலாக் கொட்ட வைக்கும். எந்தச் சொறின்னு கடலில் யார் பார்க்கிறது? அதனால கடல் தண்ணியாலேயே கழுவுங்க, நல்ல தண்ணி வேண்டாம். ஒட்டியிருக்கிற நூலைச் சாவணத்தால் எடுத்துட்டு, மணலால் தேய்க்காம, மறுபடி அந்த வெந்நீர் ஃபிளாஸ்க். மூத்திரம் அடிக்கச் சொன்ன தம்பி, உங்க நண்பர் மேல நீங்க ஏற்கனவே அடிச்சுட்டீங்கன்னா அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்குங்க.

மூச்சு இழுத்தா, உதடு வீங்கினா, தலை சுத்தினா ஒவ்வாமை. செட்டிரிசின் மாத்திரை அரிப்பைத்தான் நிறுத்தும், மூச்சை இல்ல. உடனே கரை.

20.05.2024

வெயில் கொளுத்துது. நாலு பேர் கடலில் மயக்கம் வந்த கதை எழுதியிருக்கீங்க, ஒவ்வொருத்தரும் வெறும் டீ குடிச்சுட்டுப் போனவங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி. இல்லன்னா ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு ஒண்ணு. பாதி பாட்டிலில் ஒரு பொட்டலத்தைக் கரைச்சா உப்பு அதிகமாகி வேற கோளாறு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவங்க பையில் கற்கண்டு தனியா இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, எரிச்சலா வந்தா யோசிக்காம வாயில் போடுங்க.

21.05.2024

தயவுசெஞ்சு அந்த வாட்ஸ்அப் செய்தியை இங்க ஒட்டாதீங்க. "தனியா இருக்கும்போது மாரடைப்பு வந்தா பலமா இருமிக்கிட்டே இருங்க." இருமி யாரும் பிழைக்க மாட்டாங்க. நெஞ்சு நடுவில் அமுக்குற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுது, குளிர்ந்து வியர்க்குதுன்னா: ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயித்துப் புண்ணோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அளவுக்கு மென்னு சாப்பிடணும், மெல்லாம முழுசா விழுங்கக் கூடாது. வலையை அறுத்து விட்டுடுங்க. துடுப்புப் போடாதீங்க. நங்கூரம் போட்டுட்டு போன். வலை போனா கடன், அவ்வளவுதான்.

ஸ்டென்ட் வெச்சவங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்க இல்லையா, சின்ன வெட்டும் உங்களுக்குப் பெரிசா ஒழுகும். பத்து நிமிஷம்னு மேலே எழுதினது உங்களுக்கு இருபது.

09.06.2024

போன் பத்தி. 1554 கடலோரக் காவல் படை, 1093 தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 108 கரைக்கு ஆம்புலன்ஸ். மூணும் போனில் மட்டுமில்லாம வத்தைப் பலகையில் பெயிண்டால் எழுதியிருக்கணும். போன் ரெண்டு பிளாஸ்டிக் உறைக்குள், நூல் கட்டி, கழுத்தில். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவர் பிடிச்சுக்கிட்டா அழைப்பு சிக்கலாகும், போன் செட்டிங்கில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கக் கத்துக்குங்க.

108க்கு "மண்டபம் கடற்கரை"ன்னு சொன்னா வடக்கா தெற்கான்னே தெரியாம வண்டி சுத்தும். எந்த இறங்குதுறை, எந்தக் கோயிலுக்கு அல்லது பள்ளிவாசலுக்குப் பின்னால்னு ஒரு வரியில் சொல்லிப் பழகுங்க. அதைவிட முக்கியம், கரையில் ஒருத்தருக்கு நீங்க வர்ற நேரம் தெரியணும். என் வீட்டில் பதினோரு மணின்னு கணக்கு. பன்னிரண்டு ஆனா மகன் பக்கத்து வத்தைக்காரருக்குப் போன் போடுவான், அப்புறம்தான் அரசாங்கம். பக்கத்து வத்தை எப்பவும் முதலில் வரும்.

ராமேஸ்வரம் தீவுக்காரங்க ஆடி அமாவாசை மாதிரிக் கூட்ட நாளில் பாம்பன் பாலத்தையும் கணக்கில் எடுத்துக்குங்க. பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்பி எடுக்கிற கும்பலுக்கு நடுவில் ஆம்புலன்ஸ் நின்னதை நான் பார்த்திருக்கேன்.

10.06.2024

தொண்டித் தம்பி, "கடைசியா என்னதான் வைக்கிறது, ஒரே மூச்சில் சொல்லுங்க"ன்னு கோபப்படுறார். என் இடுப்புப் பையில் இருக்கிறது: தைச்ச வளையம் கட்டையோடு, பொட்டலத்தை ஏற்கனவே ஓரத்தில் கத்தரிச்சு வெச்ச ஆறு அங்குல கிரேப் பேண்டேஜ், மடிச்ச வெள்ளைத் துணி, சாவணம், விசில், ஆஸ்பிரின், பாராசிட்டமால், செட்டிரிசின், ஓ.ஆர்.எஸ்., அயோடின் களிம்பு, பேனா. பாலிதீனில் ஒட்டின சீட்டில் என் ரத்த வகை, சாப்பிடுற மாத்திரை, மகன் நம்பர். பெட்டியில் வைக்காதீங்க, தெப்பம் கவுந்தா பெட்டி தனியாப் போகும், நீங்க தனியாப் போவீங்க. வெந்நீர் ஃபிளாஸ்க் மட்டும் வத்தையில். வலி மாத்திரைன்னு புரூஃபென் வகையை ரத்தம் ஒழுகும்போதும், தண்ணி வத்திப்போன உடம்பிலும் போடாதீங்க.

அப்புறம், திருக்கை கிடக்கிற ஆழத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காம மணலை உரசிக்கிட்டே நடங்க. இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், முள்ளே ஏறியிருக்காது.

02.09.2024

புதுசா ஒருத்தர்: "பை மூணு மாசத்தில் நாறுது, மாத்திரை எல்லாம் மாவாப் போச்சு." அட்டையிலிருந்து பிரிச்சு போட்டிருப்பீங்க. அட்டையோட அப்படியே, வாய் அகலமான சின்ன மருந்து பாட்டிலில், மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் போட்டு வைங்க. உப்புக் காத்தில் சாவணம் துருப்பிடிக்கும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைங்க. ஓ.ஆர்.எஸ். கட்டியாயிட்டா தூக்கிப் போட்டுடுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டா சும்மாவே தருவாங்க.